இரண்டு தடவை முக்கிய நீலம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் அக்காள் எஸ்தர், அவள் வீட்டுக்காரர் யாக்கோபு அத்தான், தாராவியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் காதர் மீரான் பாய், பஞ்சைச் சோதித்துப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்த லலிதா அம்மாள். கதவுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூர்க்காவையும் சேர்த்தால் ஆறு. நடுவில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பாயின் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பம்பாய் போய்வந்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் கடலைப் பார்த்தாயா, சினிமாக்காரர்களைப் பார்த்தாயா என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தைத்தான். அதைப் பற்றித்தான் எழுத முடியும்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஜின்னிங் பாக்டரியில் எனக்கு வேலை. பருத்தியைக் கொட்டை வேறு, பஞ்சு வேறு என்று பிரிக்கிற இடம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பயம் மட்டும் கூடவே பிறந்தது. பம்பாயில் அத்தானுக்கு வேலை போய்விட்டது, திருடன் என்று பெயரும் வந்துவிட்டது என்று அக்காள் எழுதியிருந்தாள். அம்மாவால் அவ்வளவு தூரம் போக முடியாது. "நீ போய்ப் பக்கத்துல இரு, போதும்" என்று என்னை அனுப்பினாள். ரயிலில் வழியெல்லாம் டிரங்குப் பெட்டியின் கைப்பிடியில் கயிறு கட்டி, மறுமுனையை என் கணுக்காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சீட்டுக்காரர், "பெட்டி உம்மத் தூக்கிட்டுப் போயிராம பாத்துக்கிடும்" என்றார்.

தாதரில் இறங்கியபோது நல்ல மழை. எங்கள் ஊரில் மழை வந்தால் ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார்கள். இங்கே ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அத்தான் பிளாட்பாரத்தில் நின்றார். வேலைநாளில் ஒரு மனிதர் ஸ்டேஷனுக்கு வந்து நிற்க முடிகிறதே என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியை வாங்கிக்கொண்ட கையைப் பார்த்தேன். போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது அந்தக் கை முழங்கை வரை நீலமாக இருந்தது. கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இப்போது நகக்கண்ணில் மட்டும்தான் நீலம். மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அவர்களுக்கு ஒற்றை அறை. கோலி என்கிறார்கள். அடுப்பு, கட்டில், பீரோ, வேதபுத்தகம் எல்லாம் அதற்குள்தான். அக்காள் பொம்பில் என்று ஒரு மீனைக் குழம்பு வைத்திருந்தாள். முள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் வழுவழுவென்று தொண்டைக்குள் இறங்கியது. தெரியாமல் இறங்கினதால் தொண்டையில் மாட்டிக்கொண்டதோ என்று கவலையாகி, தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

"முள்ளு இல்லல, பேசாமத் தின்னு" என்றாள் அக்காள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

வடாலாவில் ஒரு லுங்கி வியாபாரி. அவர் வெள்ளை நூல் கொடுத்து நீலம் போட்டுத் தரச் சொல்லியிருந்தார். சாயச்சட்டி அத்தானுடைய பொறுப்பு. முக்கி எடுத்துப் பிழிந்து பார்த்தால் நீலத்துக்கு நடுவே ஊசிமுனை போல வெள்ளை வெள்ளைப் புள்ளி. தன் கைக்குற்றம் என்று பயந்து, யாரிடமும் கேட்காமல் அத்தான் மறுபடியும் பொடி கரைத்து அந்த நூல் முழுவதையும் இரண்டாம் தடவை முக்கியிருக்கிறார். புள்ளி அப்படியே இருந்தது. சாய டின்னில் பாதி காலி. வியாபாரி நூலைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ரெண்டு வாட்டி முக்குனேன்னு பாய்ட்ட சொன்னேன் மாப்ள" என்றார் அத்தான், சோற்றைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு வாட்டி முக்குன நூல்ல புள்ளி எப்படிடே இருக்கும்னு கேட்டாரு. நானே இன்னொருத்தனை அப்படித்தான் கேட்டிருப்பேன்."

ஒரு தடவைதான் முக்கியிருக்கிறான், மிச்சப் பொடியை விற்றுவிட்டான். பாய் அப்படித்தான் முடிவுகட்டினார். சாயக்காரர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவுகட்டுவார்களாம்.

"காலையில வந்ததும் பாய் தன் சாயாவுல பாதிய சாசர்ல ஊத்தி இவருக்குத் தள்ளுவாரு" என்றாள் அக்காள். "பட்டறை ஆரம்பிச்ச நாள்லேருந்து அப்படித்தான். அன்னைக்கு முழுசையும் அவரே குடிச்சிட்டாராம். வேல போனதக்கூடச் சொல்லல இவரு. இதத்தான் சொல்லிச் சொல்லி அழுதாரு."

மறுநாள் அத்தானோடு தாராவிக்குப் போனேன். சேற்றில் பலகை போட்டிருந்தார்கள். பலகை முடிகிற இடத்தில் அடுத்த பலகைக்குத் தாண்ட வேண்டும். ஒரு பக்கம் தோல் நாற்றம், இன்னொரு பக்கம் சோப்பு வாசனை, நடுவில் யாரோ கருவாடு சுடுகிறார்கள். திருநெல்வேலிப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்ததால் பாதிப் பயம் குறைந்தது. அத்தான் பட்டறைக்கு ஒரு சந்து முன்னாலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் போனேன்.

காதர் மீரான் பாய் கடையநல்லூர்க்காரர். கோபமான ஆளாக இருப்பார் என்று நினைத்தால், என் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தார்.

"எஸ்தர் தம்பியா? உக்காரும். சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன் பாய்" என்றேன். சாப்பிடவில்லை. அவர் அதைக் கண்டுபிடித்து, ரொட்டியும் கீமாவும் வரவழைத்து, நான் தின்று முடிக்கும்வரை வேறு பேச்சே எடுக்கவில்லை. இவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

"பாய், அத்தான் அப்படிச் செய்யிறவரு இல்ல."

"எனக்கு மட்டும் ஆசையா தம்பி? கண்ணு சொல்லுதுல்லா. ரெண்டு வாட்டி நீலத்துல கெடந்த நூலுல புள்ளி மூடிப் போயிருக்கணும். நான் தாடி மொளைக்க முந்தியே சட்டி கிண்டுனவன். போதாக்குறைக்கு நூலத் தார்க்குச்சியில சுத்தையில பொட்டுப் பொட்டுனு அறுந்துச்சு. சாயம் பிடிக்கப் போடுற உப்பக் கூடுதலாப் போட்டு நூலையும் கெடுத்துட்டான்."

நூல் அறுந்தது என்றதும்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எங்கள் பாக்டரியிலிருந்து பஞ்சை ஒரு கைப்பிடி எடுத்துப் பொட்டலம் கட்டி, சோதனைக்கு என்று மாட்டுங்காவுக்கு அனுப்புவோம். பொட்டலம் கட்டுவது என் வேலை. அங்கே பஞ்சை என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. விலாசம் மட்டும் மனப்பாடம்.

"பாய், நூலு மேல குத்தம் இருக்குமோ? மாட்டுங்காவுல பஞ்ச டெஸ்ட் பண்ணுற எடம் இருக்கு."

பாய் சிரித்துவிட்டார். "பஞ்சுக்கு ஆஸ்பத்திரியா!" பட்டறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்புறம் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "சரி. போய்க் கேட்டுட்டு வாரும். பாப்பாங்கன்னா நானே வாரேன். சாம்பிளுக்குன்னு அந்த நூல்ல சாயம் போடாம மொதல்லயே எடுத்து வச்ச சிட்டம், ஒரு கத்தை, என்ட்ட இருக்கு. ஆனா அத என் கையால கொண்டாருவேன். ஒங்க அத்தான் கையில குடுக்க மாட்டேன்."

நல்ல வார்த்தைதான். கடைசி வாக்கியம் மட்டும் சந்துமுனையில் நின்ற அத்தானுக்குக் கேட்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் தனியாகக் கிளம்பினேன். நடந்தே போகிற தூரம்தான், மழைக்குப் பயந்து பஸ் ஏறினேன். ஏறினது எதிர்ப்பக்கம் போகிற பஸ். பக்கத்தில் கூடையோடு இருந்த மீன்காரம்மாளிடம் "மாட்டுங்கா, மாட்டுங்கா" என்று காட்டிக் காட்டிக் கேட்டேன். அவள் மராத்தியில் நீளமாக ஏதோ சொன்னாள். பஸ் முழுக்கச் சிரித்தது. முன்சீட்டுத் தமிழர் ஒருவர் திரும்பி, "மாட்டுங்கா போகணும்னா மாட்டுங்காவப் பாத்து உக்காரு, அதுக்கு முதுகக் காட்டி உக்காந்தா எப்படி மாப்பிள்ளைன்னு கேக்கா" என்று சொல்லிக் கொடுத்தார். செம்பூரில் இறங்கினேன்.

செம்பூரில் எங்கும் தென்னைமரம். ஒரு நிமிஷம் எந்த ஊரில் நிற்கிறோம் என்றே குழப்பமாகிவிட்டது. ஒரு சிந்திக்காரர் கடையில் வழி கேட்டேன். எனக்கு அவர் பாஷை புரியவில்லை, அவருக்கு என் பாஷை புரியவில்லை. அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, சரியான பஸ் வரும்வரை தம் குடைக்குள் என்னை நிறுத்தி, ஏற்றி, கண்டக்டரிடம் உரக்க ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கண்டக்டர் வழியெல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தொலைந்துபோன பிள்ளையை ஒப்படைக்கிறேன் என்று சொல்லியிருப்பார் போல.

சோதனைக்கூடத்து வாசலில் கூர்க்கா விடவில்லை. கடிதம் வேண்டுமாம். நான் தமிழில் கெஞ்சினேன், அவன் இந்தியில் மறுத்தான். அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவோடு ஓர் அம்மாள் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார், என் வயதுதான் இருக்கும்.

"நீங்க எங்கேர்ந்து வரேள்?"

ஊரைச் சொன்னேன். பாக்டரியைச் சொன்னேன். பொட்டலம் கட்டி அனுப்புவோமே என்றேன்.

அவர் நின்றார். "கோவில்பட்டிப் பொட்டலமா? சணல்ல முடிச்சு மேல முடிச்சா போட்டு வருமே, அதுவா?"

"அவுந்துரக் கூடாதுன்னு..."

"அவுந்துரக் கூடாதுன்னா? கத்திரிக்கோலே மொட்டையாப் போயிடுத்து! யாரு இப்படிக் கட்டறான்னு நாங்க இங்க பந்தயம் கட்டிருக்கோம். கொலை பண்ணவன்தான் இப்படிக் கட்டுவான்னு எங்க ஆபீசர் சொல்லுவார்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அது? பாவம்."

அந்த முடிச்சுதான் எனக்குச் சிபாரிசு. லலிதா அம்மாள் உள்ளே போய் ஆபீசரிடம் பேசிவிட்டு வந்தார். எழுத்தில் ஒன்றும் தர முடியாது, நாளைக்கு அழைத்து வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

மறுநாள் அக்காளும் வந்தாள். "நானும் பாக்கணும். இல்லாட்டி இவரு பாதிய முழுங்கிருவாரு" என்றாள். சிட்டம் நனையக் கூடாது என்று இரண்டடுக்குத் தூக்குச்சட்டி கொண்டு வந்தாள். பாய் சொன்னபடி தம் கையாலேயே சிட்டத்தைக் கொண்டுவந்து, தம் கையாலேயே மேலடுக்கில் வைத்து மூடி, தூக்குச்சட்டியைத் தாமே பிடித்துக்கொண்டார். அத்தான் அவர் முகத்தைப் பார்க்காமலே பக்கத்தில் நடந்தார். ஆனால் மழை வலுத்தபோது பாய் தூக்குச்சட்டி இருந்த கையோடு குடையையும் அத்தான் பக்கமாகச் சாய்த்ததைப் பார்த்தேன். சட்டிக்காகவா, ஆளுக்காகவா என்று தெரியவில்லை.

லலிதா அம்மாள் முதலில் திறந்தது கீழடுக்கு. அதில் எலுமிச்சம்பழச் சோறு. "இது நல்லா முத்தின சாம்பிள்" என்றார். அத்தான்கூடச் சிரித்தார்.

நூலின் முறுக்கைப் பிரித்து நாராக்கி, ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில் வைத்து, பூதக்கண்ணாடிக் குழாய்க்குக் கீழே நுழைத்தார். ஏதோ காரத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். "பாருங்கோ. பருத்திக்காய்க்குள்ள நார் மொதல்ல நீளமா வளரும். வெறும் குழாய், உள்ளே ஒண்ணும் கிடையாது. நீளம் வந்தப்புறம்தான் உள்பக்கமா பூச்சு மேல பூச்சா ஏறிக் கனமாகும். செடி வாடிப்போனாலோ, பூச்சி விழுந்தாலோ, அவசரப்பட்டுப் பறிச்சாலோ நீளம் இருக்கும், கனம் இருக்காது. காஞ்சதும் நாடா மாதிரித் தட்டையாப் போயிடும். இழுத்தா அறுந்துடும். ஒண்ணோட ஒண்ணு சிக்கிச் சின்னச் சின்ன முடிச்சா உருண்டுக்கும்."

நான் பார்த்தேன். சில நார்கள் உருண்டு திரண்டு குச்சிபோலக் கிடந்தன. சில, மிதிபட்ட நாடாபோல முறுக்கிக்கொண்டு கிடந்தன. பாய் தவறான கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணும் தெரியலம்மா, ஒரே இருட்டு" என்றார்.

"தொட்டா எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"பட்டு மாதிரி. மெல்லிசா இருக்கோல்லியோ. கை ஏமாந்துடும்."

என் கையைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பஞ்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பட்டு மாதிரி இருக்கிறது என்றுதான் உசத்தியாகச் சொல்வோம். இது எங்கள் பாக்டரிப் பஞ்சாக இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டேன். "நூலாயிடுத்துன்னா எந்த ஊர்ப் பஞ்சுன்னு பகவானுக்குத்தான் தெரியும். அதுக்குக் கவலைப்படாதீங்கோ" என்றார். இன்றுவரை பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நீளம் மட்டும் வளந்து கனம் வைக்கலன்னா, அது நீதாம்ல துரை" என்றாள் அக்காள் என் காதில். "அஞ்சாங் கிளாஸோட பறிச்சாச்சு."

அதன் பிறகுதான் கண்ணாடிப் பாத்திரம். சிவப்பும் பச்சையும் கலந்த சாயம் கொதித்தது. நன்றாக முற்றிய பஞ்சில் ஒரு கொத்து, எங்கள் நூலைப் பிரித்த நாரில் ஒரு கொத்து, இரண்டையும் ஒன்றாகப் போட்டார்.

"ஒரே சட்டியில ரெண்டு சாயமா? மண்ணு நெறந்தான் வரும்" என்றார் பாய்.

எடுத்து அலசியபோது முற்றிய பஞ்சு முழுக்கச் சிவப்பு. எங்கள் கொத்தில் சிவப்புக்கு நடுவே பச்சை பச்சையாக இழைகள். குட்டி முடிச்சுகளெல்லாம் சுத்தப் பச்சை. "கனமான நார் சிவப்பைப் பிடிச்சுக்கும். வெறுங்குழாய் பச்சையை எடுத்துக்கும். இந்தப் பச்சை முடிச்சுதான் உங்க நீலத்துல வெள்ளைப் புள்ளி. சாயத்தைப் பிடிச்சு வச்சுக்க அதுக்கு உடம்பே இல்லை. எத்தனை தடவை முக்கினாலும் அது வெளுப்பாத்தான் தெரியும்."

பாய் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "இது ஒங்க சாயம். ஒங்க வித்தை. என் சாயத்துக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அவர் பட்டறையின் நீலப் பொடி. கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறார்! "வெந்நி குடுங்கம்மா" என்றார். லலிதா அம்மாள் வேறு பாத்திரம் வைத்தார். கிண்டுவதற்கு மரக்குச்சி இல்லை, கண்ணாடிக் குச்சிதான். அந்தப் பெரிய கை அதை முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்தது. உப்புப் போட்டார். சிட்டத்திலிருந்து கொஞ்சம் நூலை அறுத்து முக்கினார். பிழிந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

வெள்ளைப் புள்ளி.

மறுபடியும் பொடி கரைத்தார். மறுபடியும் முக்கினார். இந்தத் தடவை அதிக நேரம் விட்டார். அக்காள் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. பாய் எடுத்துப் பிழிந்து ஜன்னலுக்குப் போனார். நீலம் நன்றாகப் பிடித்திருந்தது. அதற்கு நடுவே, நட்சத்திரம்போல, புள்ளி அப்படியே இருந்தது.

பட்டறையிலேயே இதைச் செய்து பார்த்திருக்கலாம். அந்தச் சிட்டம் அங்கேயேதான் கிடந்தது. ஆனால் தெரிந்த விஷயத்தை எவன் சோதித்துப் பார்ப்பான்?

பாய் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, "ரெண்டு வாட்டி முக்குனேன்னு சொன்னேல்ல" என்றார்.

"ஆமா பாய்" என்றார் அத்தான்.

"சொன்னே." அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மழை விட்டிருந்தது. பாய் நேரே பக்கத்து இரானி ஓட்டலுக்குள் நுழைந்தார். நாங்களும் பின்னால் போனோம். பன்னை இரண்டாகப் பிளந்து வெண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். சாயாவில் முக்கித் தின்ன வேண்டுமாம். எங்கள் ஊரில் காய்ச்சல்காரர்கள்தான் பன் தின்பார்கள். இங்கே வியாதி இல்லாதவர்களும் தின்கிறார்கள். எனக்கு, அக்காளுக்கு, பாய்க்கு மூன்று சாயா வந்தது. அத்தானுக்கு வரவில்லை. பாய் மூன்றுதான் சொல்லியிருந்தார். சர்வரைக் கூப்பிடலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அக்காள் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

பாய் தம் கோப்பையை எடுத்தார். சாசரில் பாதியை ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் அத்தான் பக்கம் தள்ளினார்.

அத்தான் சாசரைத் தூக்கிக் குடிக்க வெகுநேரம் ஆயிற்று. வாயருகே கொண்டுபோவதும் வைப்பதுமாக இருந்தார்.

"லுங்கி வியாபாரிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார் பாய். "ஆனா யாக்கோபு, கேக்காம ரெண்டாவது முக்குனது தப்புதாண்டே. அந்தப் பொடிக்கு முப்பத்தாறு ரூவா. வாரம் மூணு ரூவா பிடிப்பேன்."

அத்தான் திருதிருவென்று விழித்தார். "எதுல பாய் பிடிப்பிய?"

"எதுலயா? சம்பளத்துலதான். வேற எதுல பிடிப்பாக? ஒன் தலைமுடியிலயா?"

அக்காள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று கேட்டேன். "போல அங்கிட்டு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அந்தக் கடனைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரரு பாய்க்கு முப்பத்தாறு ரூவா குடுக்கணும்லா" என்று மாலை போட்டுக்கொண்டதுபோலச் சொன்னாள். திருடனுக்கு எவனாவது கடன் வைப்பானா?

நான் ஊருக்குக் கிளம்பிய சனிக்கிழமை அத்தான் வேலை முடிந்து நேரே தாதருக்கு வந்தார். பெட்டியை ஏற்றிவிட்டு, கயிற்றை என் கணுக்காலில் தாமே கட்டினார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்ற கை முழங்கைவரை நீலமாக இருந்தது. வண்டி நகர்ந்த பிறகு பார்த்தால், கம்பியில் அவர் விரல் இருந்த இடத்தில் நீலம் ஒட்டியிருந்தது. அதன் மேல் கை வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று முதல் தவணை மூன்று ரூபாய் பிடித்தாயிற்று. பாக்கி முப்பத்து மூன்று ரூபாய்.